கோபத்துக்கு யாரிடம் போவது? தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு செய்முறை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசம் ஆறிப்போயிருந்தது என்பதற்காக எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் வீசினேன். டம்ளருக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவரில்தான் பிறை மாதிரி ஒரு தழும்பு விழுந்தது. ஏழு வயது மகள் இடது கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பயந்து எழுந்து ஓடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளுக்கு இது பழகிப்போயிருந்தது. மறுநாள் காலையில்தான் ஆள் தேட ஆரம்பித்தேன். தேடி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று. வீட்டில் யாரையாவது அடித்திருக்கிறீர்கள், அல்லது அடித்துவிடுவோமோ என்று உங்களுக்கே தோன்றுகிறது என்றால் இந்தப் படிகளை வரிசையாகச் செய்துகொண்டிருக்காதீர்கள். இன்றைக்கே வீட்டைவிட்டுச் சற்று விலகி இருந்து, லைஃப்லைன் என்ற ஆலோசனைத் தொலைபேசிச் சேவையை 0861 322 322-இல் கூப்பிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 0800 567 567. இதைப் படிப்பவர் அடி வாங்குகிறவராக இருந்தால் 0800 428 428.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஃபோனிலேயே போதும். எத்தனை மணி, எதற்காக, உடம்பில் முதலில் என்ன நடந்தது, என்ன செய்தீர்கள். நான்கே விஷயம். என் குறிப்பில் ஒன்று: "செவ்வாய், மாலை 6.10. ஹிகின்சன் ஹைவேயிலிருந்து இறங்கும் இடம். ரோபோவில் பச்சை விழுந்ததும் பின்னால் டாக்ஸிக்காரன் ஹூட்டர். தாடை இறுகியது. இறங்கிப் போய் அவன் ஜன்னலைத் தட்டினேன்." (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே ரோபோ என்றால் டிராஃபிக் சிக்னல்.) இரண்டு வாரத்தில் பதினொரு குறிப்பு சேர்ந்தது. அதில் எட்டு, மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில். மதியம் சாப்பிட்டதற்குப் பிறகு ஒரு டீகூட இறங்காத நேரம். எல்லாக் கோபமும் பசியால் வருவதில்லைதான், ஆனால் இது தெரியாமல் டாக்ஸிக்காரனையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் குறிப்போடு முதலில் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சர்க்கரை இறங்கினாலும், தூக்கம் கெட்டாலும் எரிச்சல் வரும். மனச்சோர்வு சிலருக்கு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக வரும். குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 2: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவர், மருந்து எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், இந்த நாட்டில் அவர் மருந்து எழுத முடியாது. கோபத்துக்கு முதலில் போக வேண்டியது பெரும்பாலும் சைக்காலஜிஸ்டிடம்தான். அதிலும் கிளினிக்கல் அல்லது கவுன்சலிங் பிரிவில் பதிவு பெற்றவரைப் பாருங்கள், இண்டஸ்ட்ரியல் பிரிவு வேறு வேலைக்கு. ரெஜிஸ்டர்ட் கவுன்சலர், சமூகப் பணியாளர் இருவரும் உதவுவார்கள், கட்டணமும் குறைவாக இருக்கும்.

படி 3: பதிவு எண்ணைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டியதால்தான் நான் மாட்டிக்கொண்டேன். "கோப மேலாண்மை நிபுணர்" என்று போர்டு வைத்திருந்த ஒருவரிடம் மூன்று முறை பணம் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு தலையணையைக் கொடுத்து, பிடிக்காதவர் முகத்தை நினைத்துக் குத்தச் சொன்னார். குத்திவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் இன்னும் இரண்டு பேரோடு சண்டை.

பிற்பாடு தெரிந்தது, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு பையைக் குத்தியவர்களைவிட, ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களுக்கே கோபம் குறைவாக இருந்தது.

சைக்காலஜிஸ்ட் என்ற பட்டத்தைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது. நிபுணர், கோச் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சிலின் இணையதளத்தில் ஐரெஜிஸ்டர் பகுதிக்குப் போய், அவர் குடும்பப் பெயரை இட்டுத் தேடுங்கள். சைக்காலஜிஸ்ட் என்றால் பதிவு எண் பி.எஸ். என்று தொடங்கும். இரண்டு நிமிட வேலை, காசும் கிடையாது. சமூகப் பணியாளர்களுக்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது, அங்கே பார்க்க வேண்டும்.

படி 4: பணம்

தனியார் சைக்காலஜிஸ்டிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ராண்டைத் தாண்டுவது சாதாரணம். அதற்குள் போவதற்கு முன் மூன்று கதவுகளைத் தட்டிப் பாருங்கள்.

முதலாவது உங்கள் கம்பெனி. பல இடங்களில் ஊழியர் உதவித் திட்டம் இருக்கும், சில அமர்வுகள் இலவசம். நான் அதே கம்பெனியில் ஆறு வருடம் இருந்தும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸில்தான் பார்த்தேன். அடுத்தது மெடிக்கல் எய்ட், அதாவது இங்கத்திய மருத்துவக் காப்பீடு. கூப்பிட்டு, அதில் உள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு போகும், எந்தச் சைக்காலஜிஸ்ட் அவர்கள் பட்டியலில் இருக்கிறார் என்று கேளுங்கள். கடும் மனச்சோர்வு போன்ற சில நோய்களுக்கு வருடத்துக்கு 15 வெளிநோயாளி அமர்வுகள் வரை கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி உண்டு. வெறும் கோபத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் டாக்டரை முதலில் பார்க்கச் சொன்னேன்.

இரண்டும் இல்லையா? குடும்பம், திருமணம் தொடர்பான ஆலோசனைக்கு ஃபாம்சா அமைப்பு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள். பல்கலைக்கழக உளவியல் துறைகளில் பயிற்சி மாணவர்கள் மூத்தவர் மேற்பார்வையில் பார்ப்பதுண்டு. அரசு வழி என்றால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து கடிதம் வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்காரர்களுக்கு அது ஆர்.கே. கான். காத்திருக்க வேண்டிவரும், கையில் சாப்பாடு கொண்டுபோங்கள்.

படி 5: மூன்று பேருக்கு எழுதுங்கள்

ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் பதிலுக்காகவே உட்கார்ந்திருக்காதீர்கள். இந்தத் தேடலே கோபக்காரனுக்கு ஒரு பரீட்சை: ஒருவர் ஃபோனை எடுக்கமாட்டார், இன்னொருவர் ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார், ரிசெப்ஷனில் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, காலை பத்து மணிவாக்கில் கூப்பிடுங்கள். நான் ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பினேன், சாரம் இதுதான்: "எனக்கு 41 வயது. வீட்டில் கத்துகிறேன், பொருளை எறிகிறேன், யாரையும் அடித்ததில்லை. கோபத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், இப்படிப்பட்டவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, கட்டணம் எவ்வளவு, மாலை நேரம் கிடைக்குமா?" சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் சிபிடி முறை என்றோ, எதைச் செய்கிறார் என்று தெளிவாகவோ சொன்னால் நல்லது. "வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்தவருக்குப் போங்கள்.

படி 6: எந்த மொழியில்?

பட்டியலில் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று பெயர் பார்த்ததும், ஆகா நம்மாள், தமிழிலேயே கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறை. "வணக்கம்" சொல்வார்கள், அப்புறம் ஆங்கிலம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கோபம் எனக்குத் தமிழில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் "மகளைத் திட்டினேன்" என்று சொன்னபோது, யாரோ பக்கத்து வீட்டுக்காரன் கதை மாதிரி இருந்தது. கடைசியில் எனக்குக் கிடைத்த சைக்காலஜிஸ்ட் அம்மா என்னை நிறுத்தி, "என்ன சொன்னீர்களோ அதை அப்படியே, அதே சத்தத்தில் சொல்லுங்கள்" என்றார். "வாயை மூடு சனியனே" என்றேன். அறை சின்னது, சுவரில் மோதித் திரும்பியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சனியன் எனக்குத் தெரியும். என் ஆயா சொல்லும்" என்றார், அந்தச் சொல்லை மட்டும் தமிழில். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் கத்துவது என் காதில் விழுந்தது. மாமியார் விஷயம், புரட்டாசி விரதம், காவடிக்கு லீவு கேட்ட சண்டை எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழ்தான் வேண்டும் என்றால் தமிழ்நாட்டிலிருந்து ஆன்லைனில் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், இங்கே மாலை ஏழு என்றால் அங்கே இரவு பத்தரை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மெடிக்கல் எய்ட் பணம் தரும் என்று நம்பிப் போகாதீர்கள்.

படி 7: முதல் சில அமர்வுகள்

சுமார் 50 நிமிடம். முதல் நாள் பெரும்பாலும் அவர் கேள்வி கேட்பார், நீங்கள் எழுதி வைத்த குறிப்பைக் கொடுத்தால் பாதி வேலை முடியும். பேசுவது வெளியே போகாது. ஆனால் யார் உயிருக்காவது ஆபத்து என்றாலோ, குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தாலோ அவர் சொல்லியாக வேண்டும். எங்கே அந்தக் கோடு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டார். நான்கு அமர்வு முடிந்தும் வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சிகூடத் தரவில்லை என்றால் நேராகவே கேளுங்கள், சரிவரவில்லை என்றால் மாறுங்கள்.

இன்னொன்று. வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல இடங்களில் முழுக் கட்டணம். இது தெரியாமல் ரிசெப்ஷனில் நின்று கத்திவிட்டு, அடுத்த வாரம் ஐம்பது நிமிடமும் அதைப் பற்றியே பேச வேண்டிவந்தது எனக்கு.