காலநிலை மானிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுவது எப்படி

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் திட்டங்களுக்குப் பொதுப்பணத்தில் மானியம் கொடுப்பதற்கான மதிப்பீட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்து, கையில் ஒரு கட்டு விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், முன்னுரையைத் தள்ளி வைத்துவிட்டு பட்ஜெட்டையும் வரைபடத்தையும் முதலில் திறங்கள். முன்னுரையை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். எழுதியவருக்கு அந்த நிலத்தை எவ்வளவு தெரியும் என்பது இந்த இரண்டில்தான் தெரியவரும்.

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களின் நடவையே எடுத்துக்கொள்வோம். எத்தனை ஆயிரம் கன்று என்பதில் மயங்காமல், எந்த மட்டத்தில் நடப்போகிறார்கள் என்று பாருங்கள். அலையாத்தி இயல்பாக வளர்வது சராசரி கடல் மட்டத்துக்கு மேலே, ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து இறக்கத்தில் வடிந்துபோகும் பகுதியில். அதற்குக் கீழே உள்ள சேற்றுவெளியில் நட்டால் கன்று நெடுநேரம் மூழ்கியே கிடந்து பெரும்பாலும் செத்துப்போகும். ஆனாலும் அங்கேதான் நடுகிறார்கள், ஏனென்றால் அந்த இடத்துக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தண்ணீர் வரும் வழி அடைபட்டுத்தான் காடு அழிந்தது என்றால், அந்த வாய்க்காலைத் திறந்துவிட்டாலே விதைகள் மிதந்து வந்து தானாக முளைக்க வாய்ப்புண்டு. காடு ஏன் அழிந்தது என்று தேடிப் பார்த்து எழுதிய விண்ணப்பத்துக்கு, ஒரு கன்றுகூட நடாவிட்டாலும், நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

அப்புறம் கணக்கு. "நூறாண்டு வெள்ளத்தைத் தாங்கும்" என்று எழுதியிருப்பார்கள். அது நூறு வருஷத்துக்கு ஒருமுறை முறைவைத்து வரும் வெள்ளம் இல்லை, எந்த ஒரு வருஷத்திலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். 30 வருஷத்தில் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம், அதுவும் பழைய மழைக் கணக்கு இன்னும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால். கடலோரத் திட்டம் என்றால், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை 2100-க்குள் கடல் மட்டம் உயரும் அளவை, கரியமில வாயு போன்றவற்றின் உமிழ்வு மிகக் குறைந்தால் 0.28 முதல் 0.55 மீட்டர் என்றும், மிக அதிகமானால் 0.63 முதல் 1.01 மீட்டர் என்றும் சொல்கிறது. இதில் எதை வைத்து வடிவமைத்தார்கள், கட்டுவது எத்தனை வருஷம் நிற்க வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. சுவர் கட்டுகிறார்களா? பக்கத்துக் கரையின் மணலை அது அரிக்குமா என்றும் கேளுங்கள், ஓரிடத்தைக் காப்பாற்றி அடுத்த இடத்தைக் கெடுப்பதற்குப் பொதுப்பணம் போகக் கூடாது.

"மக்களுக்குத் திறந்திருக்கும்" என்ற வரியை அப்படியே விழுங்காதீர்கள். கார் இல்லாதவர் அங்கே எப்படி வருவார்? சாய்தளம் 1:12-ஐ விட (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் பலருக்குத் தானாக ஏறுவது கடினம். நிலம் கைமாறினால் நடைபாதை உரிமை பத்திரத்தில் நிற்குமா, இன்றைய உரிமையாளரின் நல்ல மனசை மட்டும் நம்பியிருக்கிறதா? பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் எந்தப் பகுதியை மூடுவோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் விண்ணப்பத்தை நம்பலாம். வருஷம் முழுக்க எல்லா இடமும் திறந்திருக்கும், ஒரு பறவைக்கும் தொந்தரவு வராது என்பவரிடம் கூடுதல் கேள்வி கேளுங்கள்.

பராமரிப்புச் செலவு பட்ஜெட்டில் இல்லையென்றால் உடனே நிராகரிக்க வேண்டாம், பல மானியங்கள் அதற்குப் பணமே தருவதில்லை. ஆனால் ஐந்து வருஷம் கழித்து உடைந்த பலகையை யார் மாற்றுவார்கள், யார் பணத்தில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

மதிப்பெண்ணைக் குழு கூடும் முன்பே தனியாகப் போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முதலில் பேசியவரின் கருத்துதான் எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும். விண்ணப்பித்தவர் உங்களுக்கு வேண்டியவர் என்றால் சொல்லிவிட்டு அந்தச் சுற்றில் விலகிக்கொள்ளுங்கள். நல்ல நிலத்தை வைத்துக்கொண்டு எழுதத் தெரியாமல் தோற்கும் சின்னக் குழுக்கள் நிறைய. எழுதி வைத்த அந்தக் காரணங்களை அவர்களுக்கு அப்படியே அனுப்புங்கள், அடுத்த சுற்றுக்கு எதைத் திருத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.