பிள்ளைக்கு எலும்புச் சத்திரசிகிச்சை: தியேட்டருக்கு முன்னும், பிளாஸ்டரோடு வீட்டிலும்

தொடை எலும்பு முறிவோ, முழங்கை முறிவோ, பிறவியிலேயே விலகிய இடுப்பு மூட்டோ, எதற்காகப் பிள்ளை தியேட்டருக்குப் போனாலும் வைத்தியரின் வேலை சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு வரும் கிழமைகள் வீட்டாரின் தலையில். பிளாஸ்டர் நனைவதும், தோல் புண்ணாவதும், பாணி மருந்தின் அளவு பிழைப்பதும், விரல் நீலமாகிக் கிடந்ததை "விடியட்டும் பாப்பம்" என்று விட்டுவைப்பதும் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கின்றன. ஆகவே திகதி கிடைத்த அன்றே வீட்டை ஆயத்தப்படுத்தத் தொடங்குங்கள்.

திகதி கிடைத்தவுடன்

கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரேக்கள், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, ஒவ்வாமை உள்ள மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ அனுப்பினால், வார்ட்டில் பெரும்பாலும் சிங்களம்தான் காதில் விழும். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு இரண்டு சொல் பழக்கிவிடுங்கள்: நோகுது என்பதற்கு "ரிதெனவா", தண்ணீருக்கு "வத்துர". சிறுவர் வார்ட்டுகளில் இரவில் பொதுவாகத் தாயை, அல்லது ஒரு பெண்ணை மட்டுமே நிற்க விடுவார்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது? மூன்று, நான்கு வயதென்றால் ஓரிரு நாள் முன்பு போதும். அதற்கு முன்னமே சொன்னால் பயம்தான் வளரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு கிழமை முன்னராவது சொல்லுங்கள். அவர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் வேண்டும். "ஒண்டும் நோகாது" என்று சொல்லவே வேண்டாம். முதல் ஊசியிலேயே அந்தப் பொய் வெளிச்சமாகிவிடும், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. "நோகும், நோகேக்க சொல்லு, மருந்து தருவினம்" என்பதே போதும்.

தியேட்டர் நாள் காலை

சத்திரசிகிச்சை பிற்போடப்படுவதற்கு வீட்டுக்காரர் கையிலுள்ள பெரிய காரணம் வயிறு. மயக்க மருந்து கொடுத்தபின் தொண்டையின் காவல் தளர்ந்துவிடுகிறது. இரைப்பையில் ஏதாவது இருந்தால் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். பொதுவான கணக்கு: சோறு, பிஸ்கட், பால்மா 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2. வெறுந்தேத்தண்ணி தெளிந்த நீரோடு சேரும், பால் தேத்தண்ணி சாப்பாட்டோடு சேரும். வார்ட்டில் வேறு நேரம் சொன்னால் அதுதான் சட்டம். அம்மம்மா பரிதாபப்பட்டு ஒரு மாரி பிஸ்கட் கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். ஒரு நாள் பிந்துவது பரவாயில்லை.

கடந்த இரண்டு கிழமைக்குள் தடிமன், இருமல், காய்ச்சல் வந்திருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சுக்குழாய் அந்த நேரம் எளிதில் இறுகும். ஆடுகிற பால் பல் இருந்தால் அதையும் காட்டுங்கள், குழாய் வைக்கும்போது அது கழன்று உள்ளே போகலாம். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். ஒட்சிசன் அளக்கும் கருவி விரல் நுனியில்தான் மாட்டப்படும்.

காப்பு, தோடு, தாயத்து, கோயில் நூல் எல்லாம் கழற்றத்தான் வேண்டும். அரைஞாண் முக்கியம்: இடுப்பைச் சுற்றி பிளாஸ்டர் போட்டபிறகு உள்ளே மாட்டிய கயிறு தோலை அறுக்கும், வெளியே எடுக்கவும் வழியில்லை. வார்ட்டில் அவசரமாக வெட்டினால் பெரியவர்களுக்கு மனவருத்தம் வரும். முந்தின நாளே வீட்டில் கழற்றி, சுவாமித் தட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள், முக்கியமாகச் சின்னவர்கள், அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தி உதைப்பார்கள். மருந்து விலகும்போது வரும் குழப்பம் அது. பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். சேலைன் ஊசியை இழுத்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிக்கொண்டிருங்கள். அந்த நேரம் கேள்வி கேட்பதில் பயனில்லை.

நோ மருந்து

முதல் இரண்டு மூன்று நாளும் பரசிட்டமோலை, வைத்தியர் எழுதியபடி, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள். பிள்ளை அழும்வரை காத்திருந்தால் நோவு முன்னே ஓடிவிடும், மருந்து பின்னால் துரத்தும். வழமையான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் 7.5 மில்லிலீற்றர். இங்கேதான் பிழை வரும்: 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் விற்பனையில் உண்டு. அதே 7.5 ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். போத்தலின் எழுத்தை வாசியுங்கள், தேக்கரண்டியை விட்டு மருந்துச் சிரிஞ்சால் அளவுங்கள். பின்வழியாக வைக்கும் குளிகையிலும் பரசிட்டமோல் இருக்கலாம் என்பது பலருக்கு நினைவில் வராது, அதையும் கணக்கில் சேருங்கள். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது.

2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்பது திருகோணமலை மாவட்டத்துக்குத் தெரியும். வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் இபுபுரூஃபன், டைக்குளோஃபெனக் போன்ற மற்ற நோ மருந்துகளை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். டெங்குவாக இருந்தால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். காயத்தில் கிருமி பிடித்திருந்தாலும் காட்டத்தான் வேண்டும்.

விரல்களைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள். முதல் இரண்டு நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும், விரல்களைச் சோதியுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளிறி, இரண்டு செக்கனுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். மற்றப் பக்கத்து விரலோடு சூட்டை ஒப்பிடுங்கள். தொட்டால் தெரிகிறதா, தானாக அசைக்கிறதா என்று பாருங்கள். கையோ காலோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் இருக்கட்டும். வீக்கம் அதனால்தான் குறையும்.

தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்தோட்டம் நின்றுபோவது அரிது, ஆனால் வந்தால் சில மணித்தியாலத்தில் தசை சாகத் தொடங்கும். பிள்ளைகளில் அதன் முதல் அடையாளம் நிறமல்ல. மருந்து கொடுத்தும் அடங்காத அழுகை, ஓயாத பதற்றம், மருந்தை முன்னையைவிட அடிக்கடி கேட்பது. விரலை மெதுவாக நிமிர்த்தினாலே துடிப்பார்கள். விரல் விறைத்து, நீலமாகி, குளிர்ந்தால் ஏற்கனவே பிந்திவிட்டது. முதல் அடையாளங்களிலேயே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். வண்டி வரும்வரை அந்தக் கையையோ காலையோ நெஞ்சு மட்டத்தில் வையுங்கள், அதற்கு மேல் உயர்த்தினால் இரத்தம் இன்னும் குறையும். திரும்பவும் தியேட்டருக்குப் போக நேரலாம் என்பதால் வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

இடுப்புப் பிளாஸ்டர்

நெஞ்சுக்குக் கீழிருந்து கால்வரை போடும் பிளாஸ்டர்தான் குடும்பத்தை உண்மையில் களைக்க வைப்பது. சின்னப் பிள்ளையின் தொடை முறிவென்றால் அனேகமாக நான்கிலிருந்து ஆறு கிழமை, இடுப்பு மூட்டுக்கென்றால் மூன்று மாதமளவில், இடையில் ஒருதரம் மாற்றி.

வெள்ளைப் பிளாஸ்டர் கையால் தொட இறுகிவிட்டது போலத் தெரிந்தாலும் முழுதாய்க் காய இரண்டு மூன்று நாள் வேண்டும். மார்கழி மழைக்குள் இன்னும் பிந்தும். அதுவரை உள்ளங்கையால் மட்டும் தூக்குங்கள். விரல் பதிந்த பள்ளம் உள்ளே மேடாகி அந்த இடத்தில் புண் வைக்கும். ஃபேன் காற்றுப் போதும், தலைமயிர் உலர்த்தும் சூட்டு ஊதி வேண்டாம். பைபர் பிளாஸ்டர் அரை மணித்தியாலத்தில் இறுகும், ஆனால் உள்ளே பஞ்சு நனைந்தால் அதற்கும் அதே கதிதான்.

சலம் உள்ளே போகாமல் வைப்பதுதான் தினசரிப் போர். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். தட்டையாகப் படுத்தினால் சலம் முதுகுப்பக்கமாக ஊறும். வழமையைவிடச் சின்ன பம்பர்ஸ் ஒன்றைப் பிளாஸ்டரின் விளிம்புக்கு உள்ளே நுழைத்து, அதற்கு மேலே பெரிய பம்பர்ஸ் ஒன்றைக் கட்டுங்கள். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவில் மூன்று நான்குக்கு ஒருதரம் மாற்றுங்கள். விளிம்பைச் சுற்றி நீர் புகாத டேப்பைத் துண்டு துண்டாக, உள்ளும் வெளியும் மடித்து ஒட்டினால் ஓரமும் தோலை வெட்டாது.

பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பிள்ளையைத் திருப்புங்கள். கால்களுக்கு நடுவே தடி போட்டிருந்தால் அதைக் கைபிடியாகப் பாவிக்கவே கூடாது. அது உடைந்தால் திரும்ப வைத்தியசாலைதான். குதிக்கால் எதிலும் முட்டாமல், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து தடவையாகக் கொடுங்கள். வயிறு நிரம்பினால் விரிய இடமில்லை. தண்ணீர், பப்பாசி, கீரை கூட வேண்டும், படுக்கையில் மலச்சிக்கல் வந்தே தீரும். முட்டை, நெத்தலி, பயறு எலும்புக்கு நல்லது. வயிறு ஊதி, தொடர்ந்து சத்தியெடுத்தால் வீட்டு வைத்தியம் பாராமல் கொண்டுபோங்கள்.

படுத்தபடி சாப்பிடும்போது பருக்கை உள்ளே விழும், எறும்பு பின்னால் வரும். கழுத்திலிருந்து துவாயை விரித்து, பிளாஸ்டர் ஓரத்துக்குள் செருகிவிட்டுத் தீற்றுங்கள். கட்டில் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைக்கிறவர்கள் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள், வெறும் தண்ணீரில் நுளம்பு பெருகும். அரிப்புக்கு ஈர்க்கு, பேனை, பின்னல் ஊசி எதுவும் உள்ளே போகக்கூடாது. கீறிய இடம் வியர்வையில் சீழ் வைக்கும், வெளியே தெரியவும் மாட்டாது. பவுடர் கட்டியாகும். மேலே தட்டுங்கள், ஓரத்தால் குளிர்ந்த காற்று விடுங்கள். துர்நாற்றம், புதிதாய் ஊறிய கறை, ஓரிடத்தில் மட்டும் எரிவு என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

ஓட்டோவில் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. பின்னாசனம் நீண்ட வான் ஒன்றை டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்னமே பேசிவையுங்கள். பேராதனையிலிருந்து வருவதென்றால் பம்பர்ஸ் மாற்ற ஹபரணையில் ஒரு நிறுத்தமும் கணக்கில் இருக்கட்டும்.

கம்பி, ஊன்றுகோல், பிளாஸ்டர் கழன்ற பிறகு

முழங்கையில் கம்பி வெளியே தெரிந்தால் அதை உலர்ந்தே வைத்திருங்கள். மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். மூன்று நான்கு கிழமையில் கம்பி கழன்ற பிறகு முறிவு வைத்தியரிடம் உருவக் கொண்டுபோவது இங்கே வழக்கம். முழங்கையை இழுத்து உருவினால் மூட்டு இன்னும் இறுகும், சிலவேளை தசைக்குள்ளேயே எலும்பு வளரும். பிள்ளை தானாக விளையாடி மடக்கி நீட்டுவதே அதற்கு நல்ல பயிற்சி.

ஊன்றுகோல் ஆறேழு வயதுக்கு மேல்தான் சரிவரும். மேல்முனை கக்கத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்கவேண்டும், பாரம் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோகிற காலும் முதலில். அடி ரப்பர் தேய்ந்தால் ஈர சீமெந்தில் வழுக்கும்.

பிளாஸ்டர் வெட்டும் இயந்திரம் சத்தம்தான் அதிகம். அதிர்ந்து வெட்டுவது, தோலை அறுக்காது. முன்னமே சொல்லிவையுங்கள். உள்ளே இருந்து மெலிந்து, செதில் பிடித்த கால் வெளிவரும். இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டுத் துவாயால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். காயம் முழுதாக மூடும்வரை கடலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் தள்ளியே இருக்கட்டும். சில கிழமை நொண்டுவது வழமை, ஆனால் நாளுக்கு நாள் குறையவேண்டும், கூடினால் காட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு மாடியில் என்றால் கீழே மாற்றித்தரும்படி அதிபரிடம் டயக்னோசிஸ் காட் (வைத்தியசாலை எழுதித்தரும் நோய் விபர அட்டை) பிரதியோடு கேளுங்கள். மலசலகூடம் குந்துகிற வகையென்றால் கதிரை வகைக் கொமோட் ஒன்று வேண்டும், வீட்டுக்கும் அப்படியே. தொடைக்குள் வளையும் கம்பி வைத்த பிள்ளைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அதை எடுக்க அனேகமாக இன்னொரு சின்னச் சத்திரசிகிச்சை இருக்கும். இடுப்பு மூட்டுக்குச் செய்த பிள்ளைக்கு நடை நேரான பிறகும் வளர்ச்சி முடியும்வரை எக்ஸ்ரே தொடரும். "இப்ப நல்லா ஓடுறான்தானே" என்று அந்தக் கிளினிக்குகளை விட்டுவிடாதீர்கள்.