கிட்னி மாற்றியவர்களுக்கு வரும் பிகே வைரஸ்: எங்கே தவறு நடக்கிறது?

சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ‘ரிஜெக்‌ஷன்’ என்ற சொல், அதாவது புதிய சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் எதிர்ப்பது, நன்றாகவே தெரியும். பிகே வைரஸ் என்ற பெயரையோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிய பிறகுதான் பலரும் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். இந்தத் தாமதத்தில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது.

பாலியோமா குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸ் 1971-ல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கண்டறியப்பட்டது. அவர் பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராகிவிட்டன. வளர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சின்ன வயதிலேயே இது தொற்றியிருக்கும். சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பாதையிலும் போய்த் தங்கிவிடும், ஒரு தொந்தரவும் தராது. புதிய சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று மருந்து தந்து எதிர்ப்பு சக்தியைத் தாழ்த்தும்போது பெருகத் தொடங்குகிறது. அதனால் வெளிச்சாப்பாடு, சுத்தக்குறைவு என்று நோயாளியைக் குடைய வேண்டாம். பல நேரங்களில் வைரஸ் தானம் தந்தவரின் சிறுநீரகத்தோடு வந்ததாகவும் இருக்கும். அதற்காகக் கிட்னி கொடுத்த அம்மா குற்ற உணர்வில் வாடவும் வேண்டாம். ஆரோக்கியமாக இருக்கிற யாரிடமும் இருக்கக்கூடியது இது.

“உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?” என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது மிகவும் பரவலான தவறு. காய்ச்சல் வராது, வலி வராது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சேதமாகத் தொடங்கியிருக்கும். அதனால்தான் முதல் ஒன்பது மாதங்களுக்கு மாதம் ஒருமுறையும், அப்புறம் இரண்டு ஆண்டு நிறையும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தத்தில் பிகே வைரஸ் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடி அளக்கும் பரிசோதனை) பார்க்கச் சொல்கிறார்கள். செலவு இடிக்கிறது என்றால் டாக்டரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் சிறுநீர் கல்ச்சரில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் நிம்மதியாகி விடுகிறவர்களும் உண்டு. கல்ச்சர் பாக்டீரியாவைத்தான் காட்டும். இந்த வைரஸ் அதில் தெரியாது. சிறுநீர் பிசிஆரில் வைரஸ் இருக்கிறது என்றதும் கிட்னி போய்விட்டதாக அழுவதும் வேண்டாம். சிறுநீரில் வைரஸ் வரும் பலருக்கு அது ரத்தத்துக்கு வருவதே இல்லை. மருந்தை மாற்றும் முடிவு ரத்த அளவைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1,000 வைரஸ் பிரதிகளுக்கு மேல் இரண்டு, மூன்று வார இடைவெளியில் மறுபடியும் வந்தாலோ, ஒரேயடியாக 10,000-ஐத் தாண்டினாலோ பொதுவாக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்கத் தொடங்குவார்கள்.

இப்போது எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடம். கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.8 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ரிஜெக்‌ஷனாகவும் இருக்கலாம், பிகே வைரஸாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வைத்தியம் நேரெதிர்: ரிஜெக்‌ஷனுக்கு எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும், வைரஸுக்கு அடக்குவதைத் தளர்த்த வேண்டும். ஊகத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, உள்ளே இருப்பது வைரஸாக இருந்தால், தீயில் எண்ணெய் வார்த்த கதைதான். எனவே பயாப்ஸி (ஊசியால் சிறுநீரகத்தில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது) வேண்டும் என்று டாக்டர் சொன்னால், ஊசிக்குப் பயந்து வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். வைரஸ் சிறுநீரகம் முழுக்கச் சீராகப் பரவாது, திட்டுத்திட்டாக இருக்கும். அதனால்தான் இரண்டு துண்டுகளாவது எடுத்து, வைரஸைக் காட்டும் தனிச் சாயம் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல், ரத்தத்தில் வைரஸ் ஏறிக்கொண்டே போனால், மறுபடி எடுக்க வேண்டியும் வரலாம்.

“எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தால்தானே வந்தது” என்று யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தவே கூடாது. எந்த மருந்தை முதலில், எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஒவ்வொரு மருத்துவக் குழுவும் ஒரு முறை வைத்திருக்கிறது. குறைத்த பிறகு கிரியாட்டினினையும் வைரஸ் அளவையும் அடிக்கடி பார்த்தால்தான், மறுபக்கம் ரிஜெக்‌ஷன் தலைதூக்குகிறதா என்று தெரியும்.

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் (மருந்தின் அளவு) பார்க்கப் போகும் காலையில் மாத்திரையை முழுங்கிவிட்டுப் போவதும் அடிக்கடி நடக்கிறது. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை போடுகிறவர், காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், டோஸ் தவறாகக் குறையும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், பாக்டீரியாவுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், பிரஷருக்கான டில்டியாசெம், பம்பளிமாஸ் பழம் எல்லாமே டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், வயிற்றுப்போக்கும் ஏற்றலாம். அளவு கூடினால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். மருந்துக்கடையில் கேட்டு எதையும் வாங்கிப் போடாதீர்கள். நாட்டு மருந்துக்கும் இதே பேச்சுதான்.

லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இந்த வைரஸைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். கனடாவில் 154 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில் அது தடுக்கவில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வரும் வாய்ப்புதான் கூடியது. பிகே வைரஸுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றைக்கும் இல்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. போன மாதம் 20,000, இந்த மாதம் 30,000 என்று வந்தால் பதற வேண்டாம். மூன்று மடங்குக்குள் வரும் வித்தியாசம் பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். லேப் மாறினால் எண்ணும் மாறும், ஆகவே ஒரே லேபில் பாருங்கள். மருந்தைக் குறைத்ததும் அடுத்த வாரமே வைரஸ் போய்விடாது. பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும், ஆனால் மாதங்கள் ஆகலாம்.

கடைசியாக, பிகே வைரஸால் மாற்றுச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இனி வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகு இரண்டாவது மாற்று சிகிச்சை செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பிசிஆர் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். அந்தப் பேச்சு வரும்போது டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.