ஷீட் காய்ந்ததா இல்லையா: பிராசஸ் மாடலில் பொருளின் நிலையைக் குறிப்பது எப்படி

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் அடித்து விற்கும் ஒரு இடத்துக்கு அதன் வேலைமுறையை மாடலாக வரைந்து தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலைமுறையை மாடலாக எழுத உதவும் இபிஎஃப் கம்போசர் என்ற மென்பொருளைத் திறந்ததும் எல்லாரும் முதலில் வேலைகளைத்தான் அடுக்குவார்கள். பாலை வடிகட்டு, ஆசிட் விட்டு உறையவை, ரோலரில் அடி, புகை போடு, தரம் பிரி. அது சுலபம். ஒவ்வொரு வேலைக்கும் பொருள் எந்த நிலையில் வந்து சேர வேண்டும், எந்த நிலையில் வெளியே போகும் என்று கேட்கும் கட்டங்களைப் பலர் அப்படியே காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஈரம் போகாத ஷீட் குடோனுக்குப் போய்ப் பூசணம் பிடித்தால், அதை எந்த இடத்தில் தடுத்திருக்க வேண்டும் என்று மாடலைப் பார்த்து ஒருத்தராலும் சொல்ல முடியாது.

மென்பொருளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு தாளை எடுங்கள். எது தனிப் பொருள், எது அதே பொருளின் வேறு நிலை என்று பிரிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பாலும் ஷீட்டும் இரண்டு பொருள்கள், ஏனென்றால் அளவு வேறு, கணக்கு எழுதும் இடம் வேறு, கையாளும் ஆளும் பெரும்பாலும் வேறு. ஈர ஷீட், உலர்ந்த ஷீட் இரண்டும் ஒரே பொருள்தான், நிலை மட்டும் மாறுகிறது. ஒட்டுப்பாலைச் சிலர் ஷீட்டின் கெட்டுப்போன நிலை என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு. வெட்டிலும் சிரட்டையிலும் தானாக உறைந்துபோனது அது, ஷீட்டாக ஆனதே இல்லை, விற்பதும் தனியாகத்தான். அதற்குத் தனிப் பெயரில் ஒரு பொருளை உருவாக்குங்கள்.

அடுத்த குழப்பம் தரம். புகை போட்ட ஷீட்டுக்கு ஆர்எஸ்எஸ் 1 முதல் 5 வரை தரம் உண்டு, ஷீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், நம் பக்கத்தில் அன்றாட விலைப் பேச்சே ஆர்எஸ்எஸ் 4-ஐச் சுற்றித்தான். அதனால் ஐந்தையும் ஐந்து நிலைகளாகப் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். ஷீட் 5-இல் தொடங்கி 4, 3 என்று ஏறிப் போவதில்லையே! ‘தரம் பிரிக்கப்பட்டது’ என்பது நிலை, எந்தத் தரம் என்பது அந்தப் பொருளைப் பற்றிய ஒரு விவரம், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நிலைக்காக யாராவது காத்திருக்கிறார்களா? புகை போடுகிறவர் ‘நீர் வடிந்தது’ என்பதற்காகக் காத்திருக்கிறார், அது இருக்கட்டும். ‘பாதி உலர்ந்தது’ என்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை என்றால் வெட்டி எறியுங்கள்.

இப்போது இபிஎஃப் பக்கம் வருவோம். பிராசஸைத் திறந்து ஒர்க் ப்ராடக்ட் யூசேஜ் என்ற தாவலுக்குப் போனால், ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் (பல சிறு வேலைகள் சேர்ந்த தொகுதிக்கும்) கீழே அதன் பொருள்கள் வரிசையாகத் தெரியும், கூடவே என்ட்ரி ஸ்டேட், எக்ஸிட் ஸ்டேட் என்று இரண்டு நெடுவரிசைகள். பொருளைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் இரண்டையும் நிரப்புங்கள். இவை ஆக்டிவிட்டி தொடங்கும்போதும் முடியும்போதும் உள்ள நிலைகள் என்பதை மறக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு டாஸ்குக்கும் தனித்தனியாக இல்லை. நடுவில் ஒரு நிலை முக்கியம் என்றால் ஆக்டிவிட்டியையே இரண்டாக உடைக்க வேண்டியதுதான். உங்கள் பதிப்பில் அது வெறும் எழுத்துப் பெட்டியாக இருந்தால் ஒருவர் ‘உலர்ந்தது’ என்பார், இன்னொருவர் ‘காய்ந்தது’ என்பார், மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். நிலைப் பெயர்களை ஒரே பட்டியலாக எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அதிலிருந்து ஒட்டச் சொல்லுங்கள். ‘உலர்த்துதல்’ என்று வைக்காதீர்கள், அது வேலையின் பெயர். நிரப்பி முடித்ததும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்து, ஒன்றின் எக்ஸிட்டும் அடுத்ததன் என்ட்ரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஓட்டை எல்லாம் இதில்தான் மாட்டும்.

வேலைமுறையைப் படமாக வரையும் பிபிஎம்என் என்ற குறியீட்டு முறைக்கான கருவியில் வரைகிறவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. டேட்டா ஆப்ஜெக்டின் (படத்தில் பொருளைக் காட்டும் குறியின்) பெயருக்குக் கீழே சதுர அடைப்பில் நிலையை எழுதுவது வழக்கம்: ஷீட் கட்டு [உலர்ந்தது]. ஒரே பொருளைப் படத்தில் பல இடங்களில் காட்ட டேட்டா ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு நிலை போடலாம், அதனால் ஒவ்வொரு நிலைக்கும் புதுப் பொருள் வரையத் தேவையில்லை. என்னென்ன நிலைகள் இருக்கலாம், அவற்றுக்கு என்ன அர்த்தம் என்பதை 2011-இல் வந்த பிபிஎம்என் 2.0 வரையறையே தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. ஆக அடைப்புக்குள் எழுதியதை நம்பிக் கருவி தானாக எதையும் நிறுத்தாது. ஈர ஷீட்டைத் தடுக்க வேண்டும் என்றால் ‘உலர்ந்ததா?’ என்று ஒரு கேட்வே (வழி பிரியும் இடம்) வரைந்து, இல்லை என்ற கோட்டைப் புகைக்கூடத்துக்கே திருப்பி விடுங்கள்.

அந்தத் திரும்பும் கோடு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டாயம் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது, மழை நாளில் ஷீட் உலரும் என்று நினைத்த நாளில் உலராது. நேர்கோடாக வரைந்த மாடல் ஜூனிலேயே பொய்யாகிவிடும். ஒரே கட்டில் பாதி உலர்ந்து பாதி உலராமல் இருந்தால் ‘ஓரளவு உலர்ந்தது’ என்று புது நிலை கண்டுபிடிக்காமல், கட்டை இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் தனி எண் கொடுங்கள். உலர்ந்த கட்டு தரம் பிரிக்கப் போகட்டும், மற்றது [நீர் வடிந்தது] என்ற பழைய நிலையிலேயே புகைக்கூடத்தில் இருக்கட்டும்.