பழைய ஹார்ட் டிஸ்க்: சோதிக்கும்போதும் அழிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹார்ட் டிஸ்க்கை யாருக்காவது கொடுக்க நினைத்தாலும் சரி, பேக்கப்புக்கென்று மறுபடி எடுத்து வைக்க நினைத்தாலும் சரி, முதலில் இரண்டு வேலை இருக்கிறது. உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். டிஸ்க் இன்னும் உழைக்குமா என்று பார்க்க வேண்டும். பலர் இதைத் தனித்தனி வேலையாக எடுத்துக்கொண்டு, இரண்டையுமே அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். முழு டிஸ்க்கிலும் எழுதி அழிப்பதுதான் அதற்கு நாம் வைக்கக்கூடிய கடினமான பரீட்சையும்கூட. அழிப்பதற்கு முன்னும் பின்னும் சில எண்களைக் குறித்துக்கொண்டால் போதும், ஒரே மூச்சில் இரண்டும் முடிந்துவிடும்.

அந்த எண்கள் ஸ்மார்ட் அட்டவணையில், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டில், இருக்கின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருள் அதைக் காட்டும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது: மேலே ‘குட்’ (நன்று) என்றோ ‘பாஸ்ட்’ (தேறியது) என்றோ வந்ததும் ஜன்னலை மூடிவிடுவது. தயாரிப்பாளர் வைத்த எல்லையை ஏதாவது ஒரு மதிப்பு தாண்டினால்தான் ‘பாஸ்ட்’ என்பது மாறும். அதற்குள் டிஸ்க் பாதி செத்திருக்கலாம். பார்க்க வேண்டியது தனித்தனி வரிகளை. 5ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின், அதாவது டேட்டா எழுதப்படும் சிறு கட்டங்களின், கணக்கு. 197, படிக்க முடியாமல் சந்தேகப் பட்டியலில் நிற்பவை. 198, டிஸ்க் தானே சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே டேட்டா போகும்போது நேர்ந்த பிழைகளின் கணக்கான 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. அந்த எண் மறுபடி குறையாது, ஆகவே கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. சீகேட் நிறுவன டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய பிழைக் கணக்கு வரிகளின் மூல எண் (‘ரா வேல்யூ’) கோடிக்கணக்கில் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, அந்த எண்ணை அவர்கள் அடுக்கி வைக்கும் முறை அப்படி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல எண்களை முதலில் பதினாறடிமானத்தில்தான் காட்டும், அதில் ‘10’ என்றால் பதினாறு. அமைப்பில் தசமத்துக்கு மாற்றிவிட்டுப் படிப்பது நல்லது.

எல்லாம் சுத்தமாக இருந்தாலும் அது உத்தரவாதம் இல்லை. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று கண்டார்கள். எண் கெட்டிருந்தால் நம்புங்கள், நன்றாக இருந்தால் பாதிதான் நம்புங்கள்.

இனி வரிசை. உள்ளே தேவையான ஃபைல் இருக்கும்போதே சோதனையை ஆரம்பிக்காதீர்கள். நோஞ்சான் டிஸ்க்கில், விண்டோஸின் பிழை தேடும் கட்டளையான செக்டிஸ்க்கை, கெட்ட செக்டார்களைத் தேடும் ‘ஆர்’ விருப்பத்தோடு ஓட்டுவது, மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. முதலில் நகல், படிக்கவே திணறினால் டிடிரெஸ்க்யூ மாதிரியான கருவியால் நகல். அது எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்குத் தள்ளும். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்து, உள்ளே நகல் இல்லாத ஃபைல் இருந்தால் எதுவும் ஓட்டாமல் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

நகல் முடிந்ததும் ஸ்மார்ட் நீள் சோதனை, அதாவது டிஸ்க் தன் பரப்பு முழுவதையும் தானே படித்துப் பார்ப்பது. இரண்டு நிமிடக் குறுஞ்சோதனை பரப்பின் சிறு பகுதியைத்தான் தொடுகிறது. யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் நடுவில் உறங்கப் போய், நீள் சோதனை பாதியில் நின்றுவிடுவதும் சகஜம். முடிந்துவிட்டது என்று நினைக்காமல் சோதனைப் பதிவைத் திறந்து பாருங்கள்.

அழிப்பதில் எல்லாருக்கும் தெரிந்த தவறு குவிக் ஃபார்மட். அது ஃபைல்களின் அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது, ஃபைல்கள் அப்படியே கிடக்கும். விஸ்டா முதலான விண்டோஸில் ‘குவிக்’ குறியை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால் அந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளைக் கருவியிலும் இதே கதை: ‘கிளீன்’ பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் துடைக்கும், ‘கிளீன் ஆல்’ டிஸ்க் முழுவதும் எழுதும். இதற்கு நேர் எதிர், 35 முறை எழுதும் வெறி. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் சொன்ன முறை அது, அக்காலத்து டிஸ்க்குகளின் பல்வேறு பதிவு முறைகளை மனதில் வைத்து. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனை தேவையில்லை என்று பிறகு அவரே எழுதினார். 2 டிபி டிஸ்க்கில் ஒரு முறை எழுதவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் ஒரு வாரம். வயதான டிஸ்க்கைக் காரணமில்லாமல் வாட்டுவதுதான் மிச்சம். ஒரு முறை போதும்.

எந்த டிஸ்க் என்பதை அளவையோ பெயரையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறலாம். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் திரையோடு ஒப்பிடுங்கள், முடிந்தால் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள்.

அழித்து முடித்த பின் மறுபடி அட்டவணையைத் திறந்து பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. சந்தேகத்தில் இருந்த செக்டாரில் எழுதும்போதுதான் டிஸ்க் அதற்குத் தீர்ப்பு சொல்கிறது. எழுத முடிந்தால் 197 குறையும், 5 அசையாது. முடியாவிட்டால் மாற்று இடம் ஒதுக்கி 5ஐ ஏற்றும். 197 பூஜ்யமாகி 5 அப்படியே நின்றால், முக்கியமில்லாத ஃபைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். 5 ஏறியிருந்தால் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். மறுபடியும் ஏறினால் அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒதுக்கிவிட்ட பழைய செக்டாரில் இருந்த டேட்டாவைச் சாதாரண அழிப்பு தொடாது. அதையும் அழிக்க, டிஸ்க்கிலேயே இருக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையின் ‘என்ஹான்ஸ்டு’ வகை வேண்டும். யுஎஸ்பி வழியாக அதை முயலாமல் கணினியின் மதர்போர்டில் உள்ள சாட்டா போர்ட்டில் டிஸ்க்கை நேரடியாக இணைத்துச் செய்யுங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் மேலே எழுதுவது சரிவராது, இப்படிப்பட்ட உள் கட்டளைதான் வழி.

அழிப்பு பாதியில் பிழையோடு நின்றுபோனால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே டேட்டா பதிவாகும் தட்டுகளை உடைத்துவிடுங்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சுத்தியல் பட்டால் சில்லுசில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் கை வைக்காதீர்கள்.