வேலைநீக்க உத்தரவு கைக்கு வந்தால்

கடலூர் சிப்காட் பக்கம் ஓர் ஆலையில், இரவு ஷிப்டில் தூங்கினார் என்று ஒரு நிரந்தரத் தொழிலாளியை நீக்கிவிட்டார்கள். சங்கத்தின் சார்பில் நான் பார்த்த அந்தத் தகராறில் கைகொடுத்தது உள்விசாரணைக் குறிப்புகள்தான்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் தேதி இருந்தது. நேரமும் இடமும் இல்லை. ஷிப்ட் பதிவேட்டின் நகல் கேட்டும் தரவில்லை. இதை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். விசாரணைக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக்கு மேலே 'கேட்ட ஆவணம் தரப்படவில்லை' என்று எழுதிவிட்டுத்தான் தொழிலாளியைக் கையெழுத்துப் போட வைத்தோம். கோபத்தில் விசாரணைக்கே போகாமல் இருப்பவர்கள் நிறைய. நிர்வாகத்துக்கு அதைவிட வசதி வேறில்லை, ஒருதலைப்பட்சமாக முடித்துவிடும்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைக்கும் தற்காலிகப் பணிநீக்கக் காலத்துக்குப் பிழைப்பூதியத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி முதல் 90 நாள் பாதி, அடுத்த 90 நாள் முக்கால், அதன்பின் முழுச் சம்பளம்.

வேலைநீக்க உத்தரவு வந்ததும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் தீராவிட்டால் நேரே வழக்குப் போடலாம், அரசின் பரிந்துரை தேவையில்லை. பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் வழக்குப் போடக் கெடு 3 ஆண்டாக இருந்தது. 2025 நவம்பரில் அமலான தொழில் உறவுகள் தொகுப்பில், தகராறு எழுந்து 2 ஆண்டுக்குப் பின் சமரசமே நடத்த முடியாது. வழக்கு மனுவில் 'வேறு வேலை இல்லை' என்ற வரி விடுபட்டால் பின்சம்பளம், அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளம், கேட்பது சிரமம்.

இங்கே சமரசத்திலேயே முடிந்தது: வேலை உண்டு, பின்சம்பளம் இல்லை. நிர்வாகத்தின் வரைவில் 'மீண்டும் பணி' என்று மட்டும் இருந்தது. 'பணித்தொடர்ச்சியுடன்' என்று சேர்க்க வைத்த பிறகே கையெழுத்து. இல்லாவிட்டால் புது ஆள் என்று கணக்கெழுதி, பணிக்கொடையில் பழைய வருஷங்களைக் கழித்துவிடுவார்கள்.