சின்னப் பட்டறையில் டிராக்டரைத் தூக்க எதை முதலில் வாங்குவது?

மன்னார்குடிப் பக்கம் புதிதாகப் பட்டறை போடும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எத்தனை டன் ஜாக்கி வாங்கட்டும்?" "தரை என்ன போட்டிருக்கீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் நம் டெல்டாக் களிமண்ணில் டிராக்டரைத் தூக்குவது பாதி வேலைதான். தூக்கியதை அப்படியே நிறுத்தி வைப்பதுதான் மீதிப் பாதி. ஆள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். அதனால் எந்த வரிசையில் காசைச் செலவழிக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இதையெல்லாம் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள். குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கிவிட்டால் கிளட்ச் போன வண்டியும் ஆயில் சீல் போன வண்டியும் வாசலில் வரிசை கட்டும். அப்போது தரை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

படி 1: தரை

கம்பி வலை போட்டு ஐந்தாறு அங்குலக் கனத்தில் காங்கிரீட் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். கொட்டகை முழுக்க வேண்டாம், ஒரு வண்டி நிற்கிற இடம் போதும். முடியாதவர்கள் கணக்கைப் பாருங்கள். பாட்டில் ஜாக்கியின் (பாட்டில் மாதிரி நேராக நின்று தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி) அடித்தட்டு 12 செ.மீ.க்கு 12 செ.மீ. இருந்தால் 144 சதுர செ.மீ. அதன்மேல் ஒரு டன் ஏறினால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஏழு கிலோ. ஈரக் களிமண் ஒரு கிலோ தாங்கினாலே பெரிது. அடியில் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. கனமான பலகை போட்டு, பலகை நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு இரும்புத் தகடும் வைத்தால் அதே ஒரு டன் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும்.

இந்தக் கணக்கை நான் ஒரு ஐப்பசி மழையில்தான் கற்றுக்கொண்டேன். மண் தரை. பின் டயரைக் கழற்ற ஒரு பக்கம் தூக்கிவிட்டு ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். சத்தமே இல்லை. வண்டி மெல்லத் தலை சாய்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஆக்சிலுக்கு அடியில் அடுக்கியிருந்த புளியங்கட்டை பிடித்துக்கொண்டது. பிறகு ஜாக்கியைப் பிடுங்கி எடுத்தபோது, நாலு விரற்கடை ஆழத்துக்கு அச்சு வைத்த மாதிரி சதுரக் குழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் தண்ணீர் ஊறியது. வெயில் காலத்தில் இதே தரை பாறை மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

படி 2: எடை

நம் பக்கம் ஓடும் 40, 45 குதிரைத்திறன் வண்டிகள் பெரும்பாலும் 1,800 முதல் 2,100 கிலோ. அதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் பின்னால்தான் இருக்கும். சரியான எடை வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆனால் பட்டறைக்குள் வருவது கையேட்டு வண்டி அல்ல. பின் டயரில் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள், 13.6-28 டயர் என்றால் ஒன்றுக்கு 200 லிட்டர் வரை இருக்கும். கேஜ் வீலோடும் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) ரொட்டவேட்டரோடும் வயலிலிருந்து நேரே வந்து நிற்கும், சேறு தனி. முதலில் ரொட்டவேட்டரைக் கழற்றுங்கள், தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சேற்றோடு ஜாக்கி வைத்தால் வழுக்கும்.

வாங்கும் சாமானில் போட்டிருக்கும் அளவு, தூக்கப்போகும் எடையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

படி 3: ஸ்டாண்டும் கட்டையும்

ஜாக்கிக்கு முன்னால், தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரும்புக் கால்களையும் (ஸ்டாண்டு) மரக்கட்டைகளையும் வாங்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹைட்ராலிக் ஜாக்கி உள்ளே ஒரு சின்ன ரப்பர் சீலை நம்பித்தான் நிற்கிறது. சீல் தேய்ந்தால் மெல்ல இறங்கும், தெறித்தால் சட்டென்று இறங்கும். அதனால் வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது.

ஸ்டாண்டு ஒன்று ஐந்து டன்னாவது தாங்கும்படி நான்கு வாங்குங்கள். கால் அகலமாக, உயரத்தைப் பூட்டும் இரும்பு ஆணி தடிமனாக இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் பழைய பைப்பில் அடித்துத் தருகிறேன் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்டை என்றால் புளி, வேம்பு, கிடைத்தால் பழைய ரயில் ஸ்லீப்பர். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு என்று அடுக்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், அவை விரிசல் காட்டாமலே பொடிந்துவிடும். தென்னங்கட்டையும் வேண்டாம், நடுவில் சோறு.

படி 4: ஜாக்கி

மண் தரையா? பாட்டில் ஜாக்கி வாங்குங்கள், 10 டன். சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது தூக்கும்போது கை வளைவாக எழும். அதற்கு ஈடாகச் சக்கரம் கொஞ்சம் உருள வேண்டும். மண்ணில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டால் ஜாக்கி வண்டியையே பக்கவாட்டில் இழுக்கும். வழவழப்பான சிமெண்ட் தரை இருந்தால் மட்டும் டிராலி.

டன்னைப் பார்க்கிற கண் உயரத்தையும் பார்க்கட்டும். பின் ஆக்சிலின் அடி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும்; பாட்டில் ஜாக்கி அங்கே எட்டாது. அடியில் கட்டை அடுக்கு கட்டாயம் வேண்டும். அதற்குத்தான் படி 3 முன்னால் வந்தது.

வைக்கும் இடம், டயருக்கு உள்பக்கம் இருக்கும் ஆக்சில் ஹவுசிங்கின் கனமான வார்ப்பு. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியிலோ (சம்ப்), பின்னால் ரொட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டின் பக்கமோ வைக்க வேண்டாம். தூக்கும் முன் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். டிராக்டரின் பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது, பின்பக்கம் முழுதும் எழும்பிவிட்டால் பிரேக் எதற்கும் ஆகாது. கியரில் போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்களுக்கு: ஒரு சக்கரம் எழுந்தாலே டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது சுழன்று கொடுக்கும், வண்டி நகரும்.

படி 5: செயின் பிளாக்

செயின் பிளாக் என்பது செயினைக் கையால் இழுத்து எடை தூக்கும் கப்பி. மூன்று சிலிண்டர் எஞ்சினை இறக்க ஒரு டன் செயின் பிளாக் தாராளம். ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தர எண்ணும், தாங்கும் எடையும், வரிசை எண்ணும் தட்டில் பொறித்திருக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் தட்டில்லாத ஒன்றை மலிவாக வாங்கினேன். எஞ்சின் தொங்கும்போது ஒவ்வொரு கண்ணியாக, டக் டக் என்று தானாக இறங்கியது. அதை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டேன்.

எதில் மாட்டுவது? தகரக் கொட்டகைப் பைப்பில் மட்டும் மாட்டாதீர்கள். அது தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டது. வாசலில் வேப்பமரம் இருக்கிறதே என்பார்கள். பச்சைக் கிளை எப்போது முறியும் என்று கிளைக்கே தெரியாது. இரண்டு பக்கமும் ஏணிக்கால், மேலே ஒரு ஐ-பீம் வைத்த கேன்ட்ரிதான் சின்னப் பட்டறைக்கு நல்லது. பீம் அளவைத் தெரிந்த பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். அகலம் பத்தடி இருந்தால் கேஜ் வீலோடும் வண்டி நுழையும். உயரத்துக்கு இப்படிக் கூட்டுங்கள்: எஞ்சின் மேல்மட்டம் நாலடி, எஞ்சினைக் கட்டித் தூக்கும் பெல்ட் ஓரடி, செயின் பிளாக் பிடிக்கும் இடம் ஒன்றேகாலடி, தூக்க வேண்டியது ஒன்றரை அடி. ஏறக்குறைய எட்டடி ஆயிற்று. ஒன்பது, பத்து வைத்தால் கை தாராளமாக இருக்கும்.

பெல்ட் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. கூர் விளிம்பில் படும் இடத்தில் பழைய டியூப் துண்டைச் சுற்றுங்கள். இரண்டு கால் பெல்ட்டை விரித்துப் போடப் போட இழுவை கூடும்: தரையோடு 60 பாகையில் நின்றால் 300 கிலோ எஞ்சினுக்குக் கால் ஒன்றில் 173 கிலோ, 30 பாகைக்குப் படுத்துவிட்டால் கால் ஒன்றிலேயே முழு 300.

எஞ்சின் கிரேன்? கடைசியில் யோசியுங்கள். கையை நீட்ட நீட்ட அதன் பலம் குறையும்; கை உள்ளே இருக்கும்போது இரண்டு டன் தூக்குவது, முழுக்க நீட்டினால் அரை டன்னுக்கு வந்துவிடும். சின்னச் சக்கரத்துக்கு வழவழ தரையும் வேண்டும்.

படி 6: கிளட்சுக்காக வண்டியைப் பிரிக்கும்போது

நம் டிராக்டர்கள் பலவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸுமே முதுகெலும்பு. போல்ட்டைக் கழற்றியதும் முன்பாதி தனி வண்டி. முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு இரும்பு ஆணியில் ஆடக்கூடியது என்பதால் எஞ்சின் ஒரு பக்கம் கவிழப் பார்க்கும். ஆகவே முதலில், ஆக்சிலுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பை இறுக அடியுங்கள். அப்புறம் கியர் பாக்ஸ் அடியில் ஸ்டாண்டு, எஞ்சினுக்கு மேலே செயின் பிளாக். பேட்டரி, ஒயரிங், டீசல் பைப், ஸ்டீயரிங் ராடு எல்லாம் கழன்றதா என்று இரண்டாவது ஆள் ஒருமுறை பார்த்த பிறகே கடைசி போல்ட்.

படி 7: சோதனை

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, 29ஆம் பிரிவு, தூக்கும் சாதனங்களைத் தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சோதிக்க வேண்டும் என்றது. இரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறையை அந்தச் சட்டம் தொடாமல் இருந்திருக்கலாம், செயினுக்கு அது தெரியாது. நான் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் முன் ஒவ்வொரு கண்ணியையும் டீசலில் கழுவி, விரலால் தடவிப் பார்ப்பேன். ஊக்கின் வாய் அகன்றிருக்கிறதா, நாக்கு மூடுகிறதா என்றும் பார்ப்பேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இருப்பவர்கள் பொங்கலுக்கும் ஒருமுறை செய்யுங்கள், துரு அங்கே சீக்கிரம் பிடிக்கும்.

புதுச் செயின் பிளாக்கில் முதல் எஞ்சினை மாட்டும்போது, கீழே கட்டை அடுக்கி, அதிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்கி நிறுத்துங்கள். பிளாக்குக்குள் செயின் நுழையும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். கோடு இறங்கியிருந்தால் எஞ்சினைக் கட்டைமேல் இறக்கிவிட்டு, பிளாக்கை அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுங்கள்.